‘ஷேடோஸ்’ அலுக்காமல் விளையாட: ஒரு மாடியறை நோட்டிலிருந்து

மதுரைப் பழங்காநத்தத்தில் ஒரு மாடியறை. இரண்டு பிளேஸ்டேஷன் 5, இரண்டு டிவி, நான்கு நாற்காலி. மணிக்கு 80 ரூபாய் வாங்கிக்கொண்டு விளையாடக் கொடுக்கிறேன். கீழே டிபன் கடை. மாலையில் பணியாரச் சட்டி அடுப்பில் ஏறியதும் வாசனை படியேறி வந்துவிடும். என் மேசை மேல் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று கிடக்கிறது. யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று குறிப்பதற்காக வாங்கியது. 2025 மார்ச் 20 அன்று ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ என்ற வீடியோ விளையாட்டு வெளியான பிறகு, அந்த நோட்டில் கூடுதலாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எழுந்து போகிறவர் படியிறங்கும் முன் சொன்னதை அங்கே எழுதி வைப்பேன்.

“8 மணி நேரம். மரத்தைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை, அக்கா.” இது டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி. “31 மணி நேரம். பனிக்காலத்தில் குளம் உறைந்துவிட்டது, அதன் மேல் நடந்தேன்.” இது மருந்துக் கடைப் பையன். “55. கோட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி.” “12. இவ்வளவு அழகான மழையை எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.” எல்லோரும் விளையாடியது ஒரே டிஸ்க்கில், அதே நாற்காலியில்.

பல மாதம் எழுதிய பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நல்லது என்றவரும் பொய் சொல்லவில்லை, மோசம் என்றவரும் பொய் சொல்லவில்லை. எந்த அமைப்பை (செட்டிங்ஸ்) வைத்துத் தொடங்கினார்கள், எந்த வழியில் போனார்கள், ஒரே அமர்வில் எவ்வளவு செய்தார்கள் என்ற இடத்தில்தான் அவர்கள் பிரிகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜப்பான். ஓடா நொபுநாகா என்ற படைத்தலைவர் நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவரப் போரிடும் காலம். நாம் இரண்டு பேராக விளையாடுகிறோம். ஒருத்தி நாவோயே, இகா என்ற மலைநாட்டில் ஒளிந்து தாக்கும் கலை பயின்ற பெண். இன்னொருவர் யாசுகே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நொபுநாகாவிடம் சேவகம் செய்த வீரர். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு இது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் நான் வேறொன்றைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

அடுத்தவர் சொல்வதைக் கேட்கும் விதம்

ஒருவர் நன்றாக இல்லை என்று சொன்னால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று கேளுங்கள். யாசுகே தொடக்கத்தில் சற்று முகம் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் நம் கைக்குத் திரும்பி வர வெகுநேரம் ஆகும். அதுவரை நாவோயே மட்டும்தான். எட்டு மணி நேரத்தில் எழுந்துபோனவர் பாதி விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். 50 மணி நேரம் தாண்டியவர் அலுப்பைச் சொன்னால் அது வேறு அலுப்பு. அதில் நியாயம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, எப்போது விளையாடினார் என்று கேளுங்கள். வெளியான புதிதில் சாலை வளைவுக்கெல்லாம் குதிரையை நாமேதான் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். பின்னர் வந்த திருத்தத்தில், குதிரை தானாகவே சாலையைப் பிடித்துப் போகும் வசதி சேர்ந்தது. என் நோட்டில் முதல் மாதத்தில் இருக்கும் குதிரைக் குறைகள் அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

இதற்கு முன் எதை விளையாடினார் என்பதும் முக்கியம். இதே தொடரில் 2020இல் வந்த ‘வல்ஹாலா’விலிருந்து வருகிறவருக்கு, ஒளிந்து தாக்கும் ஆட்டம் திரும்பி வந்ததே பெரிய மகிழ்ச்சி. ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற வேறொரு விளையாட்டை ஆடிவிட்டு வருகிறவர் அதில் காற்று வழிகாட்டியதை நினைத்துக்கொண்டே இருப்பார். இங்கே திசை தேடுவது அவருக்குச் சுமையாகப் படும். இந்தத் தொடரிலேயே 2023இல் வந்த ‘மிராஜ்’ கைக்கு அடக்கமான கதை. அதை முடித்த சூட்டோடு வருகிறவருக்கு இது நீளம். இது தெரிந்தால் அவர் சொல்வதில் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று நிதானிக்கலாம்.

உட்கார்ந்ததும் மாற்ற வேண்டியவை

பலர் தொடக்கத் திரையைப் படிக்காமல் பட்டனைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். இங்கே கொடுக்கும் ஐந்து நிமிடம் பின்னால் பல மணி நேரத்தைக் காப்பாற்றும்.

சண்டைக்குத் தனியாகவும் ஒளிந்து தாக்குவதற்குத் தனியாகவும் கடினம் வைத்துக்கொள்ளலாம். சண்டையை நடுத்தரத்திலும் ஒளிவதை ஒரு படி மேலேயும் வையுங்கள். ஒளிவது எளிதாக இருந்தால் இருட்டையும் மழையையும் கவனிக்கவே மாட்டீர்கள். இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மறைந்திருந்து குத்தினால் எதிரி உறுதியாக விழ வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், உங்களைவிட நிலை உயர்ந்த காவலாளி பின்னாலிருந்து குத்து வாங்கியும் திரும்பி நின்று வாளை உருவுவான். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து ஊர்ந்து வந்தவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை முகத்தில் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடைப் பையனுக்கு நான்காவது நாள் இதை மாற்றிக் கொடுத்தேன். அவனுடைய 31 மணி நேரம் அதிலிருந்துதான் வளர்ந்தது.

குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றும் முறையும் உண்டு. அதில் பாதிரிமார்கள் போர்த்துகீசிய மொழி பேசுவார்கள். வசனம் கீழே எழுத்தாக ஓடும். ஆங்கிலக் குரலில் எனக்கு மரத்துப்போன சில காட்சிகள் இதில் உயிரோடு இருந்தன. வெட்டுக் காட்சிகளின் ரத்தம் பிடிக்காதவர்கள் அதையும் அமைப்பில் போய் அணைத்துவிடலாம்.

வழிகாட்டுதலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயல்பாக இந்த விளையாட்டு இலக்கை வரைபடத்தில் காட்டாது. இன்ன நாட்டில், ஏரிக்குக் கிழக்கே, இன்ன கோயிலுக்குப் பக்கத்தில் என்று குறிப்புகள்தான் கிடைக்கும். அந்தப் பகுதிக்கு ஒற்றரை அனுப்பினால், கணிப்பு சரியாக இருந்தால் இடம் தெரியும். இதைத்தான் பலர் தலைவலி என்று எழுதச் சொன்னார்கள். ஆனால் நம் ஊரில் வழி சொல்வது இப்படித்தானே? விளக்குத்தூணில் இறங்கு, கீழமாசி வீதியில் வடக்கே நட, தேர்முட்டி வரும் என்போம். கதவு எண்ணை யாரும் சொல்வதில்லை. அப்படி நினைத்துக்கொண்டு வரைபடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஆறு எங்கே, ஏரி எங்கே, மலை எங்கே என்று பார்த்துவிட்டு ஒற்றரை அனுப்புங்கள். பத்துக் குறிப்புக்குப் பிறகு அந்த நாடு உங்களுக்குப் பழகிய ஊராகிவிடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள் வழிகாட்டுதலைப் போட்டுக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை.

மரத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காத தம்பி

அவன் விளையாடியதை ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். வரைபடத்தில் புள்ளி வைப்பான், அதை நோக்கி நேர்கோட்டில் ஓடுவான். வழியில் மலைச்சரிவு வரும், சரிவு முழுக்க அடர்ந்த காடு. குதிரை ஏறாது, ஆளும் சறுக்கி இறங்குவாள். இலையும் கிளையும் திரையை மூடிவிடும். இரண்டு நிமிடம் முட்டி மோதி மேலே போனால் அங்கே அடுத்த சரிவு. எட்டு மணி நேரத்தில் பாதியை அவன் இப்படிக் கழித்திருக்கிறான்.

முந்தைய பாகங்கள் பழக்கிவிட்ட பழக்கம் அது. அவற்றில் சிலவற்றில் எந்தப் பாறையிலும் ஏறி நேராகப் போகலாம். இங்கே மலை நிஜமாகவே மலை. அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்குப் போகிறவர் பாதையை விட்டுப் புதருக்குள் நுழைவாரா? அந்தக் கணக்குதான் இங்கேயும். சாலையைப் பிடியுங்கள். குதிரையைச் சாலையில் விட்டுவிட்டுக் கையை எடுங்கள். அப்போதுதான் சாலையோரத்துச் சிறு கோயில்கள், மூட்டை சுமக்கும் வணிகர்கள், வயலில் குனிந்து நிற்பவர்கள் கண்ணில் படுவார்கள். இலக்குக்குக் கடைசி நூறு மீட்டரில் மட்டும் சாலையை விட்டு இறங்குங்கள்.

அந்தத் தம்பி திரும்பி வந்து விளையாடினான். அவனுடைய அடுத்த வரி, “19 மணி நேரம். கதை ஒட்டவில்லை. சாலை பிடித்திருக்கிறது.”

ஒரு கோட்டைக்குள் போவது

நோட்டில் இருக்கும் பாராட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரியத்துக்காகத்தான். அதனால் நான் போகும் விதத்தை அப்படியே சொல்கிறேன்.

கடையை மூடிவிட்டு ஒரு இரவு தனியாக உட்கார்ந்தேன். விளையாட்டிலும் இரவு, மழை. நாவோயே மதிலுக்கு வெளியே படுத்திருக்கிறாள். படுத்தே ஊர முடியும் என்பது இந்தப் பாகத்தில் பெரிய வரம். வாசல் பக்கமே போகவில்லை. மூலையில் கொக்கிக் கயிற்றை எறிந்து ஏறி, ஓட்டுக் கூரையில் குந்தினேன். நாம் வெளிச்சத்தில் இருக்கிறோமா, இருட்டில் இருக்கிறோமா என்று திரையில் சிறிய அடையாளம் காட்டும். முற்றத்தில் மூன்று விளக்கு. நடுவில் இருப்பதைச் சுரிகன் என்ற எறிகத்தியை எறிந்து அணைத்தேன். வெளிச்சத்தில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, தாழ்வாரத்தில் ஏறினேன். மழை பெய்துகொண்டிருந்ததால் காலடிச் சத்தம் அடங்கிவிட்டது. காவலாளிகளில் சிலர் நனையாமல் இருக்கக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். எதிரே காகிதக் கதவு. உள்ளே விளக்கு எரிவதால் கதவின் மேல் ஒருவனுடைய நிழல், தலைப்பாகையோடு, இடமும் வலமுமாக அசைகிறது. அது கதவுக்கு மிக அருகில் வந்து பெரிதாகும்வரை காத்திருந்தேன். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு கத்தி போனது. நிழல் மெல்லச் சரிந்தது.

இந்த இன்பம் வேண்டுமானால் சில காரியங்கள் செய்ய வேண்டும். உள்ளே போகும் முன் உயரமான இடத்தில் நின்று கோட்டையை ஒரு சுற்றுப் பாருங்கள். பகலில் போகாதீர்கள். வேலைக்காரர்கள் பார்த்துவிட்டால் காவலாளியைக் கூப்பிட ஓடுவார்கள். அவர்களைக் கொல்லத் தேவையில்லை, பார்வையில் படாமல் இருந்தால் போதும். பருவத்தையும் கணக்கில் எடுங்கள். இளவேனிலில் புதர் தழைத்திருக்கும், ஒளியலாம். குளிர்காலத்தில் இலை உதிர்ந்துவிடும், கூரை விளிம்பில் தொங்கும் பனிக்குச்சி உடைந்து விழுந்தால் சத்தம் கேட்கும். வேனிலில் நீந்திக் கடந்த குளத்தைப் பனியில் நடந்து கடக்கலாம். பருவம் மாறும்போது ஒற்றர்களும் மறுபடி நிறைவார்கள், தேடப்படுகிற நிலையும் நீங்கும்.

“கோட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி” என்ற 55 மணி நேரக்காரரின் நியாயம் இங்கே வருகிறது. எந்தக் கோட்டையானாலும் காரியம் ஒன்றுதான்: குறிப்பிட்ட சில சாமுராய்களைத் தேடி வீழ்த்தினால் பெரிய பெட்டி திறக்கும். அவர் ஞாயிற்றுக்கிழமையில் நான்கு கோட்டையை வரிசையாக முடிப்பார். நான்காவதில் கொட்டாவி விடாமல் என்ன செய்வார்? ஒரு அமர்வுக்கு ஒரு கோட்டை, அதுவும் முந்தையதற்கு வேறு பருவத்தில். நடுவில் கதைப் பணி ஒன்று, பிறகு வாள் பயிற்சியோ தியானமோ. வரைபடத்தில் இருக்கும் குறியையெல்லாம் துடைக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கோயில்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகள், தியானம், பயிற்சி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். திறமைகளின் மேல்நிலைகள் அவற்றால்தான் திறக்கும்.

யாசுகே

யாசுகேயை வைத்துக்கொண்டு கூரையேறப் பார்த்தவர்கள்தான் அவரை வெறுக்கிறார்கள். அவர் ஏறப் பிறந்தவர் அல்லர். வாசல் வழியாகப் போங்கள். கதவை உடைத்துக்கொண்டு நுழைவார். சிவப்பாக மின்னும் அடியைத் தடுக்க முடியாது, விலகத்தான் வேண்டும். மற்றதைத் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். இரவில் நாவோயே, பட்டப்பகலில் யாசுகே என்று வைத்துக்கொண்டால் இருவருமே அலுக்க மாட்டார்கள்.

அவர் கற்பனை என்று இங்கே வாதிட்டவர்கள் உண்டு. யாசுகே வாழ்ந்தவர். 1579இல் ஏசு சபையின் வலிஞ்ஞானோ பாதிரியாருடன் ஜப்பான் வந்தார், 1581இல் நொபுநாகாவைச் சந்தித்தார், 1582இல் ஹொன்னோ கோயிலில் நொபுநாகா இறந்த நாளில் உடனிருந்தார். ஏசு சபையார் எழுதிய கடிதங்களாலும் ஜப்பானியக் குறிப்புகளாலும் இது தெரிகிறது. அதே சபையைச் சேர்ந்த ராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். நாயக்கர் கால மதுரையைப் பற்றியும் அந்தச் சபையார் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார்கள். யாசுகே திரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறவு நினைவுக்கு வருகிறது.

நாவோயே கற்பனைப் பாத்திரம். அவள் தேடிப் பழிவாங்கும் முகமூடிக் கூட்டமும் கற்பனைதான். ஆனால் இகா மீது நடந்த படையெடுப்பு உண்மை: 1579இல் நொபுநாகாவின் மகன் போய்த் தோற்றார், 1581இல் பெரும் படை போய் அந்த நாட்டை அழித்தது. எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துப் பார்க்க, ஒவ்வொரு ஊரையும் விட்டு வரும்போது உள்ளே இருக்கும் தகவல் ஏட்டைத் திறந்து இரண்டு பக்கம் படியுங்கள்.

அஸுச்சி கோட்டையை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நொபுநாகா 1576இல் தொடங்கி 1579இல் கட்டி முடித்தார். 1582இல் எரிந்துபோனது. இன்று ஜப்பானுக்கே போனாலும் கல் அடித்தளத்தைத்தான் பார்க்கலாம். அது எழுந்த காலத்தில் நம் ஆயிரங்கால் மண்டபம் கட்டிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. மண்டபம் நிற்கிறது, அந்தக் கோட்டை இல்லை. நமக்கும் ஒரு கோட்டை இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில்தான் இன்று வெளி வீதிகள் ஓடுகின்றன. பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. தினமும் அதைக் கடந்து வருகிற நான், அஸுச்சியின் முன்னால் முதல்முறை நின்றபோது, வேலையைத் தொடங்காமல் பத்து நிமிடம் சுற்றி நடந்துகொண்டே இருந்தேன். இல்லாமல் போனதற்குள் நடக்க முடிகிறது என்பதற்காகவே இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

எதைச் செய்தாலும் தீராதவை

கதை நடுவில் தளர்கிறது. இலக்குகளை எந்த வரிசையிலும் முடிக்கலாம் என்று வைத்திருப்பதால், ஒரு பகைவனைக் கொன்றதன் கனம் அடுத்தவனிடம் போய்ச் சேர்வதில்லை. கிடைக்கும் வாளும் கவசமும் அளவுக்கு மேல். பாதியில் நான் எண்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

வாங்குவதா?

முழு விலை கொடுக்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கியோ, இதுபோன்ற அறைக்குப் போயோ மூன்று மாலையில் ஐந்து மணி நேரம் விளையாடிப் பாருங்கள். என் கணக்கில் 400 ரூபாய். முதல் மாலை அமைப்புகளும் தொடக்கக் கதையும், இரண்டாவது மாலை சாலை, மூன்றாவது மாலை மழையில் ஒரு கோட்டை. பொது இடத்தில் விளையாடினால் உங்கள் பெயரில் தனிக் கணக்கு போடச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அடுத்தவர் உங்கள் சேமிப்பின் மேல் எழுதிவிடுவார். கம்ப்யூட்டரில் போடுகிறவர்கள் எஸ்எஸ்டியில் 115 ஜிபி இடமும் 16 ஜிபி ராமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 16 அன்று வந்த அவாஜித் தீவுக் கூடுதல் பகுதியைச் சேர்த்து வாங்க வேண்டாம். முதல் கதை முடிந்த பிறகும் நாவோயேயை விட்டுப் பிரிய மனமில்லாவிட்டால், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.